தலை இறங்காத பகல்

அத்தியாயம் 17

இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குப் போன் வந்தால் யாருக்கும் நெஞ்சு ஒரு தடவை குதிக்கத்தான் செய்யும். பெரிய சிஸ்டருக்கும் குதித்தது. ஆனால் மறு விநாடியே அவள் குரல் பிரசவ வார்டுக் குரலாகிவிட்டது.

“பனிக்குடம் உடைஞ்சா தண்ணி என்ன நிறத்துல போகுதுன்னு பாருங்க.”

“தெளிவாத்தான் இருக்கு.”

“குழந்தை அசையுதா?”

“உதைக்குது.”

“அப்போ ஒண்ணும் பதற வேண்டாம். கிளம்பி வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்.”

“சரி, சிஸ்டர்” என்று சொல்லிப் போனை வைத்தார் டீச்சர்.

அந்த ‘சிஸ்டர்’தான் சுருக்கென்று தைத்தது. பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவளை உலகமே அப்படித்தான் கூப்பிடுகிறது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் தம்பியின் மாமியாரான டீச்சர் மட்டும் எப்போதும் “ஏம்மா” என்றுதான் ஆரம்பிப்பார். சண்டைக்கு அப்புறம் அந்த ‘ஏம்மா’ போய், இந்த ‘சிஸ்டர்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

சண்டை இவ்வளவுதான். ஏழாவது மாதத்தில் தம்பி மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த பெரிய சிஸ்டர், “உயரம் கம்மி, குழந்தை நல்லா வளருது. ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துலயே இருக்கிற ஆஸ்பத்திரியாப் பார்த்துக்கலாம்” என்று சொன்னாள். அவ்வளவுதான், டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். “என் பொண்ணு உடம்புல என்ன குறையைக் கண்டீங்க? நான் இவளை ரெண்டே மணி நேரத்துல பெத்தவ!” முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. டீச்சர் அவர். முயற்சி பண்ணினால் முடியாதது எதுவுமில்லை என்பது அவருக்கு மூச்சுக்காற்று மாதிரி.

கடைசியில் வழக்கைத் தீர்த்து வைத்தது குருவிதான். தம்பி மனைவிக்கு அந்தப் பேர் அவள் பிறந்ததிலிருந்தே ஒட்டிக்கொண்டது. ஆள் அவ்வளவுதான் இருப்பாள். ஆனால் ஓட்டுவது நகரப் பேருந்து. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மீட்டர் வண்டியை ஒரே வெட்டில் திருப்புவாள். “அண்ணி இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் நான் போவேன். அதுக்கு மேல பேச்சு வேண்டாம்” என்று அவள் சொன்ன பிறகு டீச்சர் பேசவில்லை. ஒரேயடியாகப் பேசவில்லை.

*

ஏழு மணிக்குக் குருவி வந்து இறங்கினாள். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“நடந்தே வரேன் அண்ணி. உக்கார்ந்து உக்கார்ந்துதான் எனக்கு இடுப்பே போச்சு.”

“நட. வலி வரும்போது மட்டும் நில்லு.”

பின்னால் டீச்சர், தோளில் பையோடு நேராக நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு வேலைச் சட்டையோடேயே வந்திருந்தான். பையில் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருந்தது.

“இதை எதுக்குடா கொண்டு வந்தே?”

“தெரியலக்கா. கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்.”

டாக்டரம்மா வந்ததும் முதல் வேலையாகப் பெரிய சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். “உன் தம்பி பொண்டாட்டியை நீ பரிசோதனை பண்ணக் கூடாது. நான் பார்க்கறேன். நீ கிராஃப் எழுது. முடிவு எல்லாம் என்னுது. சரியா?”

“சரிம்மா.”

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குப் புது அனுபவம்.

அந்தக் கிராஃபைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வலி எடுத்தவளுடைய கருப்பை வாய் மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே போகிற தாள் அது. அதில் ஏற்கெனவே சாய்வாக இரண்டு கோடுகள் அச்சடித்திருக்கும். முதல் கோடு, கவனமாயிரு என்கிற கோடு. நாலு மணி நேரம் வலப்பக்கம் தள்ளி இருக்கும் இரண்டாவது கோடு, இதற்கு மேல் சும்மா இருக்காதே என்கிற கோடு. புள்ளிகள் முதல் கோட்டுக்கு இடது பக்கமாகவே ஏறிப் போய்விட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் நல்ல நாள்.

ஏழு மணிக்கு நாலு சென்டிமீட்டர். முதல் புள்ளி கச்சிதமாக முதல் கோட்டின் மேலேயே விழுந்தது.

“நல்ல ஆரம்பம்” என்றார் டாக்டரம்மா.

பதினோரு மணிக்கு ஆறு சென்டிமீட்டர். எட்டு இருந்திருக்க வேண்டும். புள்ளி முதல் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனது. வலியைக் கூட்ட டிரிப்ஸ் ஏற்றினார்கள். குருவி பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி விட்ட இடைவெளியில் மட்டும் வாய் திறந்தாள்.

“அண்ணி, பன்னிரண்டு மீட்டர் வண்டியையே சந்துக்குள்ள விடறேன். இந்த அரை மீட்டர் ஆள் வெளியே வர இவ்வளவு அடம் பிடிக்குதே?”

“உன் பிள்ளைதானே. அடம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கணுமா?”

குருவி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அடுத்த வலியாக மாறியது.

ஒரு மணிக்கு ஏழு. அதற்குப் பிறகு, வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தால் பாறை மாதிரி இறுகுகிற வலி. பத்து நிமிடத்துக்கு நாலு தடவை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம். இதைவிட நல்ல வலியை யாரும் கேட்க முடியாது. ஆனாலும் தலை மேலேயே நின்றது. அடிவயிற்றில் கை வைத்தால் இன்னமும் முக்கால்வாசித் தலை விரலுக்குத் தட்டுப்பட்டது.

*

உடன் இருப்பதற்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. டீச்சர்தான் இருந்தார். இரண்டு மணி வாக்கில் பெரிய சிஸ்டர் மருந்து எடுக்கத் திரும்பியபோது பின்னால் அந்த மைதானக் குரல் கேட்டது.

“முக்குடீ! மூச்சைப் பிடிச்சு முக்கு! விடாதே, விடாதே!”

குருவி முகம் சிவக்க முக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

“நிறுத்து குருவி! மூச்சை விடு. வாயால ஊது.” பெரிய சிஸ்டர் இரண்டே எட்டில் கட்டிலுக்கு வந்தாள். “அத்தை, இப்போ முக்கக் கூடாது. வாய் முழுசாத் திறக்கல. இப்போ முக்கினா அந்த இடம் வீங்கிக்கும், அவளும் ஓய்ஞ்சு போயிடுவா.”

“சும்மா படுத்துக் கிடந்தா எப்படி வரும்?”

“அவ சும்மா படுத்துக் கிடக்கல. ஏழு மணி நேரமா வேலை பார்த்துக்கிட்டு இருக்கா. நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட நில்லுங்க.”

“என்னை வெளிய போகச் சொல்றீங்களா?”

“ஆமா அத்தை.”

குரலில் கோபம் இல்லை; இழுபறியும் இல்லை. டீச்சர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். மைதானத்தில் இப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வெளியே தம்பி பிடித்துக்கொண்டான். “அக்கா, என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு வை. மோட்டார் நல்லா ஓடுது. கயிறு நல்லா இருக்கு. ஆனா பெட்டி நகரல. நீ என்ன பண்ணுவே?”

“எங்க இடிக்குதுன்னு பார்ப்பேன்.”

“பட்டனை அமுக்கிக்கிட்டே இருப்பியா?”

“அமுக்குவாங்களா! மோட்டார் எரிஞ்சுபோகும்.”

“அவ்வளவுதான் விஷயம். டாக்டரம்மா மூணு மணிக்குப் பார்க்கறாங்க. ஏறுதான்னு பார்ப்போம். ஏறலன்னா மேல்பக்கக் கதவைத் திறந்து எடுத்துடுவாங்க.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“எத்தனை மேல்கதவு திறந்து பார்த்தவடா நான். போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வா. அந்த ஸ்க்ரூடிரைவரை எங்கயாவது வை, யாரையாவது குத்தப் போறே.”

*

மூன்று மணி. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஏழுதான்.”

பெரிய சிஸ்டர் புள்ளியை வைத்தாள். அது இரண்டாவது கோட்டுக்கும் வலப்பக்கத்தில் விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடத்தில் எத்தனையோ புள்ளி வைத்திருக்கிறாள். ஆனால் இன்றைக்குப் பேனாவை மூடுவதற்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். டீச்சரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்.

“இங்க பாரும்மா. வலி நல்ல வலி. உன் மேல ஒரு குறையும் இல்ல. குழந்தையோட தலை பெருசு, கொஞ்சம் மேலே பார்த்த மாதிரி வேற திரும்பியிருக்கு. உன் இடுப்பெலும்பு வழி சின்னது. தலை எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியும் இறங்க மாட்டேங்குது, தலைத்தோல் வீங்கிடுச்சு. இப்போ வரைக்கும் குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. அது நல்லா இருக்கும்போதே எடுத்துடலாம்னு சொல்றேன்.”

குருவி அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர்” என்றார் டீச்சர். “என் பொண்ணு அவ்வளவு சீக்கிரம் தோத்துப் போறவ இல்ல.”

“இதுல தோக்கறது ஜெயிக்கறது எதுவும் இல்லம்மா.”

“ஒரே ஒரு மணி நேரம்.”

டாக்டரம்மா வாதாடவில்லை. “தியேட்டர் தயாராக இருபது நிமிஷம் ஆகும். நான் தயார் பண்ணச் சொல்றேன். கையெழுத்து அவளுது, உங்களுது இல்ல. அவ யோசிக்கட்டும்” என்று எழுந்து போனார். கதவருகே நின்று பெரிய சிஸ்டரைப் பார்த்துக் கண்ணாலேயே டீச்சரைக் காட்டினார். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். உன் சொந்தக்காரி, நீ பார்த்துக்கொள்.

*

காரிடார் முடிவில் ஒரு ஜன்னல். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்வாங்கிப் பின்வாங்கி இடம் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தபடி கொடிக்கம்பம் மாதிரி நின்றார்.

‘அன்னிக்கே சொன்னேனே’ என்கிற வார்த்தை பெரிய சிஸ்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அங்கேயே விழுங்கினாள்.

“அத்தை, ஒரு மணி நேரத்துல எலும்பு அகலமாகாது.”

“முக்கினா வரும்.”

“வழி இருந்தாத்தான் முக்கி வரும்.”

“எல்லாம் சாக்கு, சிஸ்டர். ஒழுங்கா முக்கினா வரும். முக்கத் தெரியாதவளுக்குத்தான்...” டீச்சர் சட்டென்று நிறுத்தினார். நிறுத்திய விதம் சரியாக இல்லை. ஓடுகிறவள் கால் பிசகி நின்ற மாதிரி.

வயிற்று வலியை மறைக்கிறவர்களை, அடி வாங்கியதை மறைக்கிறவர்களை, தேதியை மறைக்கிறவர்களை எல்லாம் பெரிய சிஸ்டர் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் சண்டை போட்டால் ஒன்றும் வராது. சின்னக் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும்.

“குருவி எத்தனை கிலோ பொறந்தா அத்தை?”

“ஒண்ணே முக்கால்.”

“எத்தனாவது மாசம்?”

“எட்டு முடியல.”

“அதான் ரெண்டு மணி நேரத்துல வந்துட்டா. சின்னக் குழந்தை, சின்னத் தலை.” கொஞ்சம் இடைவெளி விட்டு, தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற சாதாரணக் கேள்வியைக் கேட்டாள். “அவதான் தலைச்சன் குழந்தையா?”

கீழே ஆம்புலன்ஸின் பீப் பீப் சத்தம் நின்றது.

“இல்ல.”

பெரிய சிஸ்டர் காத்திருந்தாள்.

“அவளுக்கு மூணு வருஷம் முன்னாடி ஒருத்தன். முழு மாசம். ரெண்டு நாள் வலி.” டீச்சரின் குரல் மைதானத்தை விட்டு எங்கேயோ தூரமாகப் போயிருந்தது. “தலை முட்டுது, முக்கு முக்குன்னாங்க. நான் முக்கினேன்மா. என்னால முடிஞ்ச மட்டும் முக்கினேன். ரெண்டாம் நாள் சாயந்திரம் வண்டி வச்சு வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. போறதுக்குள்ள உதைக்கறது நின்னுபோச்சு. கருவி போட்டு எடுத்தாங்க. தலை இப்படி...” கையை உயர்த்தி, ஏதோ நீளமான ஒன்றைக் காட்டப் போய், பாதியிலேயே கீழே போட்டார். “அங்க ஒரு பொம்பள என் காது படவே சொன்னா. இவளுக்கு முக்கத் தெரியல, சிங்கம் மாதிரிப் பிள்ளையைக் கொன்னுட்டான்னு. என் வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னார். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

“குருவிக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். அவரும் இவளுக்குப் பன்னிரண்டு வயசுல பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். உயிரோட இருக்காரா இல்லையான்னுகூட நான் விசாரிக்கல.” டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீ தியேட்டர் அது இதுன்னு சொன்னப்போ, என் பொண்ணையும் முக்கத் தெரியாதவன்னு சொல்லப் போறாங்கன்னுதான் எனக்குத் தோணிச்சு.”

பெரிய சிஸ்டர் அவர் முன்னால் வந்து நின்று, கம்பியைப் பிடித்திருந்த விரல்களின் மேல் கை வைத்தாள்.

“அத்தை, நான் சொல்றதைக் கேளுங்க. நான் ஆறுதலுக்குப் பொய் சொல்றவ இல்ல, உங்களுக்கே தெரியும். அன்னிக்கு நீங்க முக்கினது பத்தாமப் போகல. இன்னும் நாலு நாள் முக்கியிருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். அந்தத் தலைக்கு அந்த வழி போதாது. எலும்புக்கு வீரம் தெரியாது அத்தை. உங்க பக்கத்துல ஒரு தியேட்டர் இருந்திருந்தா அவனுக்கு இன்னிக்கு முப்பத்திரண்டு வயசு.”

டீச்சர் அழுதார். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே, நிமிர்ந்தபடியே. பெரிய சிஸ்டர் கையை எடுக்கவில்லை. ஆனால் கண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

“பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. உள்ள போலாமா?”

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போலாம். நானே அவகிட்டச் சொல்றேன், கையெழுத்துப் போடுன்னு.”

கதவைத் தள்ளிக்கொண்டு போனார். “குருவி, போட்டுடும்மா. யோசிக்காதே.”

“நான் அப்பவே போட்டுட்டேன்மா” என்றாள் குருவி, வலிக்கு நடுவே. “ரோட்டுல போர்டு வச்சிருக்கான், பெரிய வண்டி போகாதுன்னு. அப்புறமும் உள்ள விடறவ டிரைவரா?”

*

தியேட்டரில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். பெரிய சிஸ்டருக்கு வேலை எதுவும் இல்லை. தலைமாட்டில் நிற்க மட்டும் டாக்டரம்மா அனுமதித்தார். கழுத்துக்குக் கீழே பச்சைத் துணித் தடுப்பு. அந்தப் பக்கம் நடப்பதைக் குருவியால் பார்க்க முடியாது. பெரிய சிஸ்டரால் முடியும்.

“அண்ணி, பேசிக்கிட்டே இருங்க.”

“என்ன பேசட்டும்?”

“எதையாவது. ஏன், உங்க தம்பியைப் பத்திக் குறை சொல்லுங்க. நல்லா நேரம் போகும்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, “தலை நல்லா இறுகி உக்கார்ந்திருக்கு” என்றார். கை உள்ளே போயிருந்தது. ஒரு விநாடி. இரண்டு. ஐந்து. தியேட்டரில் யாரும் அசையவில்லை. துடிப்பு காட்டுகிற மெஷின் மட்டும் குருவிக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பெரிய சிஸ்டர் தம்பியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துவிட்டு மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதை. குரல் ஒரு இழைகூடப் பிசகவில்லை. கைதான் குருவியின் தோளை, இருக்கிற பலத்தையெல்லாம் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

“வந்தாச்சு” என்றார் டாக்டரம்மா.

முதலில் ஒரு தும்மல் மாதிரி. பிறகு ஒரு கத்தல். தியேட்டர் கண்ணாடி அதிர்கிற மாதிரி கத்தல்.

“பொண்ணு. மூணு கிலோ எண்ணூறு.”

“ஹாரன் நல்லா வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டுக் குருவி விசும்ப ஆரம்பித்தாள்.

குழந்தையைத் துணியில் சுற்றிப் பெரிய சிஸ்டரே வெளியே கொண்டு வந்தாள். தம்பி சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். “அக்கா, குருவி?”

“நல்லா இருக்கா. தையல் போட்டுக்கிட்டு இருக்காங்க. இவளைப் பாரு முதல்ல.”

அவன் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

டீச்சர் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். குழந்தையின் தலை பின்பக்கமாக நீண்டு, உச்சியில் ஒரு வீக்கத்தோடு இருந்தது. டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது இந்தத் தலையை இல்லை என்பது பெரிய சிஸ்டருக்குப் புரிந்தது.

“அத்தை, கிட்ட வாங்க. கையைக் குடுங்க.” டீச்சரின் உள்ளங்கையை எடுத்துக் குழந்தையின் நெஞ்சின் மேல் வைத்தாள். “என்ன தெரியுது?”

“துடிக்குது.”

“மூச்சு?”

“விடறா.”

“தலை ரெண்டு மூணு நாள்ல தானா உருண்டையாயிடும். நெருக்கடியில மாட்டிக்கிட்டு வந்ததால இப்படி இருக்கு. இப்போ நல்லாப் பாருங்க. இவ வேற ஆள்.”

டீச்சர் வெகு நேரம் கையை எடுக்கவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்து, பாட்டியின் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை கத்தியது.

“அப்பா! என்ன தொண்டை” என்றார் டீச்சர். “ஏம்மா, இவளுக்குப் பசிக்குதா என்ன?”

அந்த ‘ஏம்மா’வைக் காதில் வாங்கியதும், காலையிலிருந்து நின்ற கால் இரண்டும் வலிப்பது பெரிய சிஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

*

ஐந்தரை மணிக்குக் குருவியை வார்டுக்கு மாற்றினார்கள். ஷிப்ட் முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் பெரிய சிஸ்டர் கிளம்பவில்லை. தம்பியைக் குழந்தைத் துணி எடுத்து வர வீட்டுக்கு விரட்டியிருந்தாள்.

டாக்டரம்மா கடைசியாக வந்து பார்த்தார். “இனிமே ரத்தப் போக்கை மட்டும் கவனிச்சாப் போதும். நாளைக்குக் காலையில எழுந்து நடக்க வைப்பேன், முறைக்கக் கூடாது.”

“பஸ் எப்போ எடுக்கலாம் டாக்டர்?”

“முதல்ல இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரட்டும். அப்புறம் பேசலாம்.”

அவர் போனார். குழந்தை குருவியின் மார்போடு ஒட்டித் தூங்கியது. டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் பையை எடுத்தாள்.

“நீ போகாதேம்மா. இரு” என்றார் டீச்சர். “நீ இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

பெரிய சிஸ்டர் கட்டில் கால்மாட்டில் நின்றாள்.

“குருவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்.” டீச்சர் ஒரு மூச்சு இழுத்தார். “உனக்கு முன்னாடி...”

“ஒரு அண்ணன் இருந்தான்” என்றாள் குருவி. “தெரியும்மா.”

டீச்சர் பெரிய சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். பெரிய சிஸ்டர் தலையை ஆட்டினாள். நான் சொல்லவில்லை.

“யாரு சொன்னா உனக்கு?”

குருவி குழந்தையின் காதோரத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். “அப்பா.”

வார்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடத்துக்கொண்டு போய் ஓய்ந்தது.

“நான் லீவு போடறதுக்கு முன்னாடி நாலு மாசம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் வண்டியில ஏறுவார். முதல் சீட்டுல உக்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசி ஸ்டாப்புல இறங்கிப் போயிடுவார். என் வயிறு தெரிய ஆரம்பிச்ச அப்புறம்தான் ஒருநாள் பேசினார். அன்னிக்கு உங்க அம்மாவுக்காக நான் வாயைத் திறக்கலம்மா, அதைச் சொல்லிட்டுச் சாகணும்னு அழுதார்.” குருவி இப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். “குழந்தை பொறந்தா சொல்றேன்னு சொல்லியிருந்தேன். அதான் இப்போ அவரை விட்டு அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். நாளைக்கு வரட்டுமான்னு அப்பா கேக்கறாராம்.”

“அவரை விட்டுன்னா?”

“உங்க மருமகனை விட்டுத்தான்.”

டீச்சர் எழுந்தார். ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். குழந்தையின் மேலிருந்து விலகிய துணியை இழுத்து மூடினார்.

“ஏம்மா” என்றார் டீச்சர், பெரிய சிஸ்டரைப் பார்க்காமலேயே. “இங்க நாளைக்குப் பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு?”

“நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் அத்தை.”

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நேரத்துக்கு இங்கே இருப்பதற்காகக் கேட்டாரா, இல்லாமல் போவதற்காகக் கேட்டாரா என்று இருபத்திரண்டு வருடம் முகம் பார்த்துப் பழகிய பெரிய சிஸ்டருக்கே விளங்கவில்லை.